சிதறுகாய் ஓசையும் ஒரு டெனர் குரலும்

திருவனந்தபுரம் பழவங்காடியில் காலை எட்டு மணிக்கு வந்து நிற்பவரின் காதில் முதலில் விழுவது பஸ்களின் உறுமல். கிழக்கேகோட்டைக்கு வந்து திரும்பும் வண்டிகள், ஆட்டோக்கள், ஊர்ப்பெயரைக் கூவும் கண்டக்டர்கள், பூ விற்பவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கனத்த இரைச்சலாகத் தரையோடு படிந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்து கணபதி கோயிலில் யாரோ ஒருவர் சிதறுகாய் போடுவார். ஒரே ஒரு 'டக்'. அத்தனை இரைச்சலுக்கும் மேலே ஏறி, சாலையைக் கடந்து, எதிர்ச்சாரியில் நிற்பவர் காதில் தனியாக வந்து விழும். பஸ் எஞ்சினின் பலத்துக்கு முன் ஒரு தேங்காய் எம்மாத்திரம்? ஆனாலும் இத்தனை வருடத்தில் அந்த ஓசை இரைச்சலில் மூழ்கி நான் கண்டதில்லை.

காரணம் எளிமையானது. எஞ்சினின் சத்தம் கீழ் ஸ்தாயியில் பரவிக் கிடக்கிறது. ஓடு வெடிக்கும் ஓசையோ மேல் அதிர்வெண்களில் கூராக எழுகிறது. பஸ் நிரப்பாமல் விட்ட இடத்தில் தேங்காய் நுழைந்து வந்துவிடுகிறது. ஓபரா பாடகர்களில் டெனர் என்று சொல்லப்படும் உச்ச ஆண்குரலை ரசிக்க எனக்கு வழி காட்டியது இந்தச் சிதறுகாய்தான் என்று சொன்னால் அது வெறும் உபசாரப் பேச்சு இல்லை. அந்தக் குரலின் கலையே இதுதான்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் எண்பது, தொண்ணூறு வாத்தியங்கள். பாடுபவருக்கு மைக் கிடையாது. இரண்டு சின்னத் தசைமடிப்புகளும் ஒரு மூச்சும் மட்டும்தான். அந்தக் குரல் கடைசி மாடியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். இது எப்படி முடிகிறது என்று அளந்து காட்டியவர் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி யோஹான் சுண்ட்பெர்க். ஆர்கெஸ்ட்ராவின் ஒலிபலம் 500 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சத்தில் இருந்து, அதற்கு மேலே போகப்போகச் சரிகிறது. பயிற்சி பெற்ற ஓபரா ஆண்குரலிலோ 3,000 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு தனி மேடு எழுகிறது. வாத்தியங்கள் அங்கே மெலிந்துவிட்டன. மனிதச் செவியோ அந்த வட்டாரத்தில்தான் மிகவும் கூர்மை. குரல்வளையைச் சற்றே தாழ்த்தி, கொட்டாவி விடத் தொடங்கும் கணத்தில் தொண்டையின் பின்புறம் விரிவது போல விரித்து வைத்துக்கொண்டால் அந்த மேடு உண்டாகிறது. இத்தாலியர்கள் அந்தக் குணத்தைக் குரலின் மணியோசை என்பார்கள். ஆகவே ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிப் பாடுவது என்றால் அதைவிட உரக்கப் பாடுவது என்று ஆகாது. அது விட்ட இடத்தில் போய் நிற்பதுதான் வித்தை.

இந்தக் கலை நமக்கு முழுக்க அந்நியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் திருவிதாங்கூர் எல்லைக்குள் அன்று இருந்த செங்கோட்டையில் 1906-இல் பிறந்தார் எஸ். ஜி. கிட்டப்பா. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், தகரக் கொட்டகைகளில், மைக் இல்லாத மேடையில், ஐந்து கட்டை சுருதியில் அவர் பாடிய பாட்டைப் பற்றித் தாத்தாக்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளராத நாடக ரசிகர் குடும்பம் ஒன்று உண்டா? 1933-இல், இருபத்தேழு வயதில் அவர் போய்விட்டார். மிஞ்சிய இசைத்தட்டுகளில் இன்றும் அந்தக் குரல் கம்பி போல் எழுந்து நிற்கிறது. ஓபராவில் டெனருக்கு என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஒற்றைச் சொல் 'ராஜபார்ட்'. காதலனும் அவரே, வீரனும் அவரே. கதையின் உச்சத்தில் மேல் சுரத்தில் கார்வை கொடுத்துக் கொட்டகையைக் கட்டிப்போடுபவரும் அவரே. மைக் வந்து பல சௌகரியங்களைக் கொடுத்தது. கூடவே, தூரத்தைக் கடந்து வரும் குரலை அடையாளம் கண்டு மகிழும் ஒரு காதையும் நம்மிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டது. அந்தக் காதை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் ஷான் பணிக்கர் என்ற ஓபரா டெனர்.

பணிக்கர் என்ற பெயர் இந்த ஊருக்குப் புதிதல்ல. காவாலம் நாராயண பணிக்கர் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டுதான் பாசனின் சமஸ்கிருத நாடகங்களை மேடையில் உயிர்ப்பித்தார். ஷான் பணிக்கர் வேறு கரையில் பிறந்தவர். இலங்கையிலிருந்து அமெரிக்கா போன குடும்பம். பென்சில்வேனியாவின் ப்ளூம்ஸ்பர்க் என்ற சிற்றூர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோ ஓபராவின் ஆட்லர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். குருகுலம் என்று நாம் சொல்வதற்கு அந்த நாட்டில் மிக நெருக்கமாக வருவது இதுதான். இளம் பாடகர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே சின்ன வேடங்களில் நடித்து, பெரியவர்கள் பாடுவதைப் பக்கத்தில் நின்று கேட்டு வளரும் இடம் அது.

2008-இல் மெட்ரோபாலிடன் மேடையில் முதல் வாய்ப்பு வந்தது. புச்சீனியின் 'மானோன் லெஸ்கோ'. ஜேம்ஸ் லெவைன் நடத்திய ஆர்கெஸ்ட்ரா. பணிக்கருக்குக் கிடைத்தது எத்மோந்தோ என்ற மாணவன் வேடம். சின்ன வேடம்தான். ஆனால் திரை தூக்கியதும் எழும் முதல் தனிக்குரல் அவனுடையது. ஊர்ச் சதுக்கத்தில் மாணவர் கூட்டம், மாலை நேரம், அந்த மாலையை வரவேற்று ஒரு துள்ளல் பாட்டு. குரல் சூடேற அவகாசம் கிடையாது. சபையின் காது இன்னும் ஆர்கெஸ்ட்ராவின் முழக்கத்திலேயே இருக்கும். அந்த நிமிடத்தில் இந்தப் பையன்தான் அதைப் பாட்டின் பக்கம் திருப்ப வேண்டும். ஒளிப்பதிவில் அந்த இடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அலட்டல் இல்லாத முகம். வெண்கலத்தின் கனம் இல்லாத, வெள்ளியின் சுத்தம் உள்ள சாரீரம். முதல் அடியிலேயே சுருதியின் நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கச்சேரியில் வர்ணத்தின் முதல் வரியிலேயே பாடகரின் அன்றைய குரல்நிலை தெரிந்துவிடும் என்பார்களே, அப்படி.

அங்கிருந்து அவர் ஏறிய படிகள் சாதாரணமானவை அல்ல. 2013-இல் ஃபோர்ட்டே என்ற மூவர் குழுவில் ஒருவராக 'அமெரிக்காஸ் காட் டேலண்ட்' தொலைக்காட்சிப் போட்டியில் இறுதிச் சுற்று வரை பாடினார். அந்தப் புகழோடு எளிய பாட்டுகளைப் பாடிக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம். அவர் மறுபடியும் கடினமான ஓபராக்களின் பக்கமே திரும்பினார். அந்தத் தேர்வுக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

2018 சால்ஸ்பர்க் விழா அதற்குச் சாட்சி. அங்கே ஃபெல்சன்ரைட்ஷூலே என்று ஓர் அரங்கம் உண்டு. மலைப்பாறையைக் குடைந்து மூன்றடுக்கு மாடங்கள் செதுக்கிய பழைய குதிரைப் பயிற்சிக் களம் அது. மேடை நீண்டு கிடக்கும். பின்சுவர் முழுக்க மலை. ஹென்ஸேயின் 'த பஸாரிட்ஸ்' 1966-இல் முதன்முதலாக அரங்கேறியது இதே விழாவில்தான். அந்த ஓபரா மறுபடி வந்தபோது, வியன்னா ஃபில்ஹார்மோனிக்கைக் கென்ட் நகானோ நடத்த, கிரேக்கத் தெய்வமான டயோனிஸஸாகப் பணிக்கர் பாடினார். கிழக்கிலிருந்து அந்நியனாக வந்து நிற்கும் தெய்வம். அவனை ஏற்க மறுக்கிறான் இளம் அரசன் பென்தியூஸ். தெய்வம் அவனிடம் சண்டைக்குப் போவதில்லை. பேசிப் பேசியே வசியம் செய்து, பெண்வேடம் கட்டவைத்து, மலைக்கு அனுப்புகிறது. அங்கே வெறிகொண்ட கூட்டத்தில் பெற்ற தாயின் கையாலேயே அவன் மடிகிறான்.

இந்த வசியப்படுத்தும் இடத்தைத்தான் கேட்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரா மிகப் பெரியது. சாதாரணப் பாடகருக்கு அதை எதிர்த்துக் கத்தத் தோன்றும். பணிக்கர் குரலைத் தணிக்கிறார். தணித்த பிறகும் மணியோசை குறைவதில்லை. சொற்களின் விளிம்பு மழுங்குவதில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எண்ணெய் ஒழுகுவது போல் போகிறார். நமது ஜாருவைப் போல் நீண்ட வழுக்கல் இல்லை; இணைப்பு தெரியாத ஒழுக்கு. பென்தியூஸின் பாரிடோன் என்ற நடுத்தர ஆண்குரல் அதிகாரத்தின் உரத்தோடு மோதுகிறது. டெனர் குரல் இளஞ்சூடான தண்ணீரைப் போல அதைச் சுற்றி வளைக்கிறது. கடைசியில் தெய்வம் தன் உருவம் காட்டி, அரண்மனைக்குத் தீ வைக்கச் சொல்லும்போதுதான் அந்தக் குரலின் முழு வாளும் உறையிலிருந்து வெளியே வருகிறது. அதுவரை சேமித்து வைத்திருந்ததால்தான் அந்த இடத்தில் உடல் சிலிர்க்கிறது. அடக்கத்தில் இருந்த பலம் எத்தனை என்று அப்போதுதான் விளங்குகிறது. பெரிய வித்வான்கள் ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தை உடனே காட்டிவிடாமல் தள்ளிப்போடும் நிதானம் இதற்குச் சமானம்.

அதே பாறையரங்கம் அவரை மறுபடி மறுபடி அழைத்தது. 2021-இல் லூயிஜி நோனோவின் 'இன்டொலரான்சா 1960'. அதில் ஊர் திரும்பத் துடிக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளி. 2024-இல் புரோகோஃபியெவின் 'சூதாட்டக்காரன்'. அதில் சூதில் அழியும் அலெக்ஸேய். இடையில் 2023-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் வாக்னரின் 'ரைன் தங்க'த்தில் லோகெ, அதாவது நெருப்பின் தேவன். அடுத்த ஆண்டு மியூனிக்கில் அதே லோகெ, வேறு இயக்குநருடன். மொழிகளை எண்ணிப் பாருங்கள்: புச்சீனிக்கும் நோனோவுக்கும் இத்தாலியம், ஹென்ஸேக்கு ஆங்கிலம், புரோகோஃபியெவுக்கு ரஷ்யன், வாக்னருக்கு ஜெர்மன். ஒவ்வொரு மொழியின் உயிரெழுத்தும் தொண்டையை வேறு மாதிரி திறக்கிறது. அகாரத்தில் சுலபமாக வரும் மேல் சுரம் இகாரத்தில் இறுகும். எந்த மொழியிலும் அந்த மணி மங்காமல் பார்த்துக்கொள்வது உலகம் சுற்றும் டெனரின் அன்றாடச் சாதகம்.

இந்த வரிசையில் ஐந்தாவது மொழி ஒன்று உண்டு. அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அது சமஸ்கிருதம்.

பிலிப் கிளாஸின் 'சத்யாக்ரஹ' 1980-இல் ராட்டர்டாமில் முதலில் மேடையேறியது. காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளைச் சொல்லும் ஓபரா. பாடப்படும் சொற்கள் அனைத்தும் பகவத் கீதையிலிருந்து எடுத்தவை. கிளாஸ் நம் பக்கத்து இசைக்கு அறிமுகமில்லாதவர் அல்ல. பாரிஸில் ரவிசங்கரின் இசையைத் தாளில் எழுதிக் கொடுக்கும் வேலையில் தாளக் கணக்கின் ரகசியத்தைப் பிடித்தவர். பிற்பாடு கேரள கலாமண்டலத்துக்கு வந்து கதகளி பார்த்தவர். அவருடைய காந்தி ஒரு டெனர். லாஸ் ஏஞ்சலிஸில் 2018-இலும் லண்டனின் இங்கிலிஷ் நேஷனல் ஓபராவில் 2021-இலும் அந்தக் காந்தியாக நின்றவர் பணிக்கர்.

மூன்றாம் அங்கம் முழுவதும் 1913-இன் நியூகாஸில் நடைப்பயணம். தமிழர்களாகிய நமக்கு அது வெறும் அயல்நாட்டுச் சரித்திரம் இல்லை. நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூளக் காரணமாக இருந்தவர்கள், அங்கே போய்த் தொழிலாளிகளிடம் பேசிய தமிழ்ப் பெண்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்தாள் தில்லையாடி வள்ளியம்மை. மேடையில் அவள் பெயர் சொல்லப்படுவதில்லை. ஆனால் அந்த அங்கத்தின் கடைசியில், எல்லோரும் போன பிறகு, காந்தி தனியாக நின்று பாடும் பாட்டைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வராமல் இருந்ததில்லை.

அந்தப் பாட்டு என்ன தெரியுமா? ஒரே ஓர் ஆரோகணம். கீழ் ஸ்தாயியிலிருந்து எட்டுச் சுரம் ஏறி மேல் ஷட்ஜத்தில் நிற்கும். மறுபடி கீழிருந்து ஏறும். முப்பது முறை. வேறு பாட்டே கிடையாது. மேற்கில் அந்த வரிசையை ஃப்ரிஜியன் என்பார்கள். முதல் தடவை கேட்டபோது என் கை தானாகத் தொடையில் தட்டியது: ஸ ரி க ம ப த நி ஸ, சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். நம் தோடி! அசைவும் கமகமும் இல்லாத, வெறும் எலும்புக்கூட்டுத் தோடி. கமகம் இல்லாவிட்டால் அது தோடியே இல்லை என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது சரிதான். காந்தாரத்தையும் தைவதத்தையும் அசைக்காமல் நிறுத்தினால் ராகம் முகம் காட்டாது. ஆனால் இங்கே ராகம் நோக்கமில்லை. கைத்தடியை ஊன்றி ஒருவர் படியேறுகிறார். உச்சியைத் தொட்டதும் மறுபடி அடிவாரத்துக்கு வந்து, களைக்காமல், கோபப்படாமல், மீண்டும் ஏறுகிறார். சத்தியாக்கிரகம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான இசை விளக்கம் எனக்குத் தெரியாது.

கேட்க எளிது. பாடுபவருக்கு இது கொடுமையான சோதனை. ஏன் என்று சொல்கிறேன். ஆண்குரலில் நெஞ்சிலிருந்து எழும் ஒலி தலைக்கு மாறும் ஓர் எல்லை உண்டு. இத்தாலியத்தில் அதன் பெயர் பஸாஜ்ஜியோ, கடந்துபோகும் வழி என்று பொருள். நான் அதைக் கணவாய் என்பேன். கிட்டப்பாவின் செங்கோட்டையிலிருந்து எங்கள் பக்கம் வர ஆரியங்காவுக் கணவாயைக் கடப்பது போல, குரல் அந்த இடத்தில் ஒரு மலையைக் கடக்க வேண்டும். கற்றுக்குட்டியின் குரல் அங்கே உடையும், அல்லது கத்தலாகும். டெனருக்கு அந்தக் கணவாய் தொடங்கும் வட்டாரத்தில்தான் கிளாஸின் ஆரோகணம் போய் முடிகிறது. முப்பது முறை ஏறி, முப்பது முறையும் கணவாயின் வாசலில் போய் நிற்க வேண்டும். மறைந்துகொள்ள ஒரு பிருகா இல்லை, சங்கதி இல்லை, மேல் சுரத்தில் வெற்றிக்கொடி நாட்டும் இடமும் இல்லை. மூச்சு ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் சபைக்குத் தெரிந்துவிடும். 1837-இல் பாரிஸில் ஜில்பேர் துப்ரே என்ற டெனர் உச்ச 'ஸி' சுரத்தை நெஞ்சுக்குரலில் பாடிக் காட்டிய நாள் முதல், டெனர் என்றாலே உச்ச சுரம் என்று உலகம் பழகிவிட்டது. ஒரு கட்டையில் பாடும் நம் ஆண் வித்வான் தொடும் மேல் ஷட்ஜத்துக்கும் ஒரு முழு ஸ்தாயி மேலே இருக்கிறது அந்த 'ஸி'. அதைக் கேட்டுப் பரவசப்படுவது நியாயமே. ஆனாலும் ஒரு டெனரின் சாதகத்தை எடை போட வேண்டுமானால், உச்சத்தைவிடக் கணவாயில் அவர் எப்படி நிற்கிறார் என்று கேளுங்கள் என்பேன்.

பணிக்கரின் வளர்ச்சியே அப்படிப்பட்ட ஏற்றம்தான். திரை தூக்கியதும் பாடும் மாணவன் வேடத்திலிருந்து கோவென்ட் கார்டனின் லோகெ வரை பதினைந்து ஆண்டுகள். குரலை வலிந்து பெரிதாக்கிக் கனமான வேடங்களுக்குத் தாவி, நாற்பது வயதுக்குள் உடைந்துபோன டெனர்கள் பற்றி ஓபரா ரசிகர்கள் வருத்தத்தோடு பேசுவது வழக்கம். இவர் தன் குரலின் வெள்ளியை வெண்கலமாக்க முயலவில்லை. லோகெகூட வாக்னரின் மற்ற நாயகர்களைப் போல் கர்ஜிப்பவன் அல்ல. சொல்லின் சாமர்த்தியத்தாலும் நாக்கின் வேகத்தாலும் தேவர்களை ஆட்டிவைக்கும் நெருப்பு அவன். தன் குரல் எந்த இடைவெளியில் நுழையும் என்று தெரிந்து வேடம் எடுப்பவரின் தேர்வு அது.

எங்கள் கோட்டைக்குள் குதிரமாளிகையை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில், நான்காம் நாள் மாலை சுவாதித் திருநாளின் தோடி கீர்த்தனைதான் பிரதானம். பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வரும் சரஸ்வதி, கம்பர் பூஜித்த திருவுருவம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவள் சன்னிதியில் எண்ணெய் விளக்கின் ஒளி. கைதட்டல் கிடையாது. மண்டபத்துக் கூரையில் பழைய காலத்து ஒலி வித்தையாகக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்குடங்கள். கடந்த சில வருடங்களாக அந்தத் தோடியைக் கேட்கும்போது இரண்டு தோடிகள் எனக்குள் ஒன்றாக ஓடுகின்றன. பாடகர் காந்தாரத்தை அசைத்து அசைத்து அழகு பார்க்கும்போது, அதன் அடியில் காந்தி ஏறும் அந்த வெறும் படிகளும் கேட்கின்றன. எங்கள் தோடி சிறுத்துப்போகவில்லை. அதன் கமகம் எந்த எலும்பின்மேல் படர்ந்த சதை என்று இப்போது தெரிகிறது.

போன மாதம் பேத்தி பாட வந்தாள். வழக்கமாக அவள் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் எடுத்து வைப்பாள். வேண்டாம் என்றேன். எங்கள் வீடு பழைய அக்கிரகார வீடு; திண்ணை, ரேழி, கூடம், முற்றம் கடந்தால்தான் அடுக்களை. அவளைத் திண்ணை ஓரம் உட்காரவைத்துவிட்டு நான் அடுக்களையில் போய் நின்றேன். தோடியில் ஆரோகணம் பாடி மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்தாள்.

"தாத்தா, கேட்டுதா?"

"நீ கத்தினது கேட்டுது. பாடினது கேக்கலை. தாடையைத் தளர்த்திக்கோ. கொட்டாவி வரப்போற மாதிரி தொண்டையை வெச்சுண்டு, மெதுவாப் பாடு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு ஆட்டோ நின்று கிளம்பியது. பிறகு ரேழி வழியாக ஒரு ஷட்ஜம் வந்தது. முன்னதில் பாதிகூட உரம் இல்லை. மிக்ஸிக்கும் ஆட்டோவுக்கும் மேலே, நூல் பிடித்தாற்போல் வந்து என் காதருகே நின்றது.

"இப்போ?"

இப்போது கேட்டது என்று சொல்ல நான் கூடம் வரை நடந்துபோனேன். அடுக்களையிலிருந்தே சொல்லியிருந்தால் என் குரல் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.